அப்பத்தா காரியம்: நினைவஞ்சலி அட்டை

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை அடிக்க வேண்டும். அச்சகத்தில் நாளைக்குள் வாசகம் கேட்கிறார்கள். குமார் எழுதியது: "பர்மாவிலிருந்து கால்நடையாக வந்து, வியாசர்பாடியில் குடியேறி, உழைப்பால் உயர்ந்த எங்கள் குலவிளக்கு." திருத்தம் இருந்தால் சொல்லவும்.

அத்தை: கால்நடையாகவா?

அத்தை: ஆத்தா கப்பலில் வந்தது

குமார் அண்ணன்: நடந்து வந்த கதை சொல்வாங்களே அத்தை

பெரியப்பா: விளக்கமாகச் சொல்கிறேன், எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். நடந்தது 1942. அதற்கு முந்தின டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் நம் ஜனங்கள் காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். அப்படி நடந்தவர் ஆத்தாவின் பெரியப்பா. வந்து சேரவே இல்லை. ஆத்தாவுக்கு அப்போது நாலு வயது, ரங்கூனிலேயே இருந்தது. வந்தது 1964. அந்த வருஷம் மார்ச்சில் ராணுவ அரசு கடைகளை எடுத்துக்கொண்டது. மே மாதம் ஐம்பது, நூறு கியாத் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அப்பா சேர்த்து வைத்திருந்ததும் போச்சு. நான் ஆத்தா கையைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறினேன், தங்கச்சி இடுப்பில்.

அத்தை: நகை ஒன்றும் கொண்டுவர விடவில்லை. காதில் வேப்பங்குச்சியோடு மெட்ராஸில் இறங்கியது ஆத்தா

சித்தி: 🙏

கோவை மாமா: இனிய காலை வணக்கம் 🌹 இந்த நாள் இனிய நாளாகட்டும்

அண்ணி: மாமா, துக்க வீடு

கோவை மாமா: மன்னிக்கவும், கை தவறி வந்துவிட்டது

சித்தப்பா: 69ல் பர்மா பஜாரில் கடை போட்டதைக் கட்டாயம் சேர்க்கணும் அண்ணா. நைலான் சேலை, டார்ச், டிரான்சிஸ்டர். அப்புறம் கேசட், அப்புறம் செல்போன் கவர். காலத்துக்கு ஏற்ற மாதிரி சரக்கை மாற்றிக்கொண்டே இருந்தது

அத்தை: பர்மா நூடுல்ஸ் விற்ற அத்தோ வண்டியை எங்கே விட்டாய்?

சித்தப்பா: அட்டையில் அதெல்லாம் எப்படி அக்கா...

அத்தை: ஏன் கூடாது? கடைக்கு முன்னால் செகண்ட் லைன் பீச்சில் வண்டிதான். நீ பிறந்ததே அதற்கு அப்புறம்தான். நான் வெங்காயம் வறுப்பேன், அண்ணன் வாழைத்தண்டு சூப்புக்குத் தண்டு நறுக்கும். ஆத்தா அகலப் பாத்திரத்தில் நூடுல்ஸைப் போட்டு, முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், வரமிளகாய்த் தூள், தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கும் பேஜோவை நொறுக்கி, எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசையும். காரம் விரலில் ஏறி, ராத்திரி தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் கையைத்தான் அட்டையில் சொல்லணும்

நான்: அத்தை சொல்வது சரி

அண்ணி: எனக்கும் அப்படித்தான் தோணுது

சித்தப்பா: நான் வேண்டாம் என்று சொல்லவில்லை

அத்தை: கடைக்கு அட்வான்ஸ் கொடுக்க யார் சங்கிலியை அடகு வைத்தது என்பதையும் மறந்துவிடாதே

சித்தப்பா: அந்தப் பேச்சு இப்போது எதற்கு அக்கா

பெரியப்பா: இரண்டு பேரும் நிறுத்துங்கள். குழுவில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அண்ணி: மோரே அம்மாச்சிக்குத் தகவல் சொல்லியாச்சா?

குமார் அண்ணன்: மோரேயில் யாரு?

பெரியப்பா: ஆத்தாவின் தங்கை. மெட்ராஸில் பிழைக்க முடியாமல் திரும்பவும் பர்மாவுக்கே போகலாம் என்று மணிப்பூர் எல்லை வரை போனார்கள். உள்ளே விடவில்லை. அங்கேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டிக் கும்பிடுகிற அளவுக்கு நம் ஜனம் அங்கே இருந்தது. ஆத்தா அறுபது வயதுக்கு மேல் தனியாக ரயில் ஏறிப் போய், தங்கச்சி வீட்டில் தங்கி, எல்லை தாண்டித் தமு பக்கத்துச் சந்தையில் போர்வை வாங்கிவந்து கடையில் விற்றது. நான் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை.

அண்ணி: போர்வை மூட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமலே வந்தாங்களாம்

சித்தி: என் சீட்டுப் பணத்தை அந்தப் போர்வையில்தான் போட்டாங்க. பொங்கலுக்குள் வட்டியோடு கொடுத்தாங்க

சித்தப்பா: இது எனக்கே தெரியாதே

சித்தி: உங்களிடம் சொல்லக் கூடாது என்றாங்க

நான்: 😀

அத்தை: மோரேக்கு நான் போன் பண்ணிவிட்டேன். அழுதுகொண்டே பர்மியில் பேசுகிறது, எனக்குப் பாதி புரியவில்லை

குமார் அண்ணன்: சரி, புது வாசகம்: "1964ல் கப்பலில் வந்து, அத்தோ வண்டி தள்ளி, பர்மா பஜாரில் கடை வைத்து, எங்கள் எல்லாரையும் ஆளாக்கியவர்." சரியா?

அத்தை: இதுதான் ஆத்தா

சித்தப்பா: குலவிளக்கும் இருக்கட்டுமே, மரியாதையாக இருக்கும்

பெரியப்பா: யோசித்துச் சொல்கிறேன். படம் எது?

அண்ணி: வாக்காளர் அட்டைப் படம் வேண்டவே வேண்டாம்

சித்தப்பா: கடையில் எடுத்தது ஒன்று இருக்கு, தேடிப் பார்க்கிறேன்

அத்தை: காரியத்தன்று மதியச் சாப்பாட்டோடு அத்தோவும் போடலாம், முட்டை இல்லாமல்

சித்தி: காரியத்தில் அத்தோவா? ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்வாங்க

அத்தை: சாப்பிட்டுவிட்டுச் சொல்லட்டும்

பெரியப்பா: அதை நேரில் பேசிக்கொள்வோம்.

அத்தை: குமார், எதற்கும் பேஜோ வாங்கி வை. நொறுங்காமல் கொண்டு வா