16 பேர் போற சின்னக் கப்பல்ல கலபகோஸ்: கடற்கரைக்காரனுக்கு என்னத்த தயாரிப்பு?

உச்சிப்புளி வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். ரிட்டயர்டு ஆகி மூணு வருசம் ஆச்சு, வயசு 61, வீட்டம்மாவுக்கு 57. ஹூஸ்டன்ல இருக்க மக எங்க ரெண்டு பேரையும் வர்ற செப்டம்பர்ல ஈக்வடார் நாட்டு கலபகோஸ் தீவுக்குக் கூட்டிட்டுப் போறா. 8 நாளு, மொத்தமே 16 பேர் போற சின்னக் கப்பலாம், அதுலயே தூங்கி அதுலயே சாப்ட்டு தினம் ஒரு தீவுல இறங்கி ஆமை, உடும்பு மாதிரி இருக்க இகுவானா, கடல்சிங்கம்னு பாக்குறதாம். என்னென்ன எடுத்துட்டு வரணும்னு ரெண்டு பக்கத்துக்கு லிஸ்ட் அனுப்பிருக்கா. பைனாகுலர், ரெண்டு ஜோடி ஷூ, தண்ணிக்குள்ள போற கண்ணாடி, அது போக வாந்தி மாத்திரை வேற. பொறந்ததுல இருந்து கடல் காத்த மூச்சு விடுறவன் நான், ஆடிக்காத்துல தனுஷ்கோடி முனையில நின்னவன், எனக்கு வாந்தி மாத்திரையா? இந்த லிஸ்ட்ல எது நெசமா வேணும், எது சும்மான்னு போனவங்க யாராச்சும் சொல்லுங்க.

பாம்பன் காத்து:
ஐயா கோச்சுக்காதீங்க, தனுஷ்கோடில நின்னா கடல் தெரியும், கடல் பழகாது. ஆனா மாத்திரை வேணாங்குறதுல நான் உங்க கட்சி. பதினாலு வயசுல மொத மொத மீன்பிடி வல்லத்துல ராத்தங்கல் போனப்ப குடலே வெளிய வந்துரும் போல எடுத்தேன். எங்க அப்பா ஒரு வார்த்தை பேசல, கடல் தண்ணிய அள்ளி மூஞ்சில அடிச்சாரு, அந்தா லைட் ஹவுஸ் வெளிச்சம் தெரியுதா அதையே பாருன்னாரு. மூணு நாளு அப்படித்தான், நாலாவது நாள் சரியாப் போச்சு, இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் இல்ல. இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்ல, நாலஞ்சு தடவ கடலுக்குப் போய்ட்டு வாங்க, உடம்பு தானா பழகிக்கும். அந்த லிஸ்ட்ல இருக்கதெல்லாம் கடைக்காரன் பொழப்புக்கு.

மருந்துக்கடை பாண்டி:
அண்ணே நாலாவது நாள் சரியாப் போச்சுன்னு நீங்களே சொல்றீங்க, அவரு போறதே எட்டு நாளு. பாதி பயணத்த பக்கெட்டோட ஓட்டச் சொல்றீங்களா? இப்ப பழகிட்டு ரெண்டு மாசம் சும்மா இருந்துட்டுப் போனா அந்தப் பழக்கம் அப்படியே கூட வரும்னும் சொல்ல முடியாது.
வாத்தியாரய்யா, அவோமின் மாதிரி மாத்திரைய கப்பல் கெளம்புறதுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் முன்னாடியே போடணும், வாந்தி ஆரம்பிச்சப்புறம் முழுங்குனா அதுவும் சேந்து வெளிய வந்துரும். தூக்கம் தள்ளும், அதனால ஊர்லயே ஒரு நாள் சாயங்காலம் ஒண்ணு போட்டுப் பாத்துக்கங்க எப்படி இருக்குன்னு. அமெரிக்காவுல காதுக்குப் பின்னாடி ஒட்டுற பட்டை குடுப்பாங்க, அத டாக்டர்கிட்ட கேக்காம ஒட்டாதீங்க. கண்ணுல பிரஷர் இருக்கவங்களுக்கும் ஒண்ணுக்குப் போறதுல செரமம் இருக்கவங்களுக்கும் அது ஆகாது.

உச்சிப்புளி வாத்தியார்:
பி.பி. மாத்திரை ஒண்ணு ஓடுது. அந்தக் கடைசியா சொன்னதும் லேசா உண்டு. டாக்டர கேட்டுர்றேன் தம்பி.

கீழக்கரை லாத்தா:
நானும் எங்க வீட்டுக்காரரும் துபாய்ல இருந்தப்ப போனோம், இதே 16 பேர் கப்பல்தான், அக்டோபர் மாசம். கீழக்கரைக்காரிக்கு கடல் என்ன புதுசா, எங்க வாப்பாவோட வாப்பா சங்கு யாவாரம்னு ஜம்பமா மாத்திரை வேணாம்னு சொன்னேன். மொத நாள் பகல்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி சாப்ட்டு முடிச்சு பதினோரு மணிக்கு எஞ்சின் போட்டாங்க, ஏன்னா இந்தக் கப்பலெல்லாம் ராத்திரில தான் ஒரு தீவுல இருந்து அடுத்த தீவுக்கு ஓடும், விடிஞ்சா நீங்க வேற எடத்துல இருப்பீங்க. கேபின்ல படுத்துருக்கேன், மேசையில வச்ச தண்ணி பாட்டில் உருண்டு இந்தப் பக்க செவுத்துல முட்டுது, கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கம் முட்டுது. அத எண்ணிக்கிட்டே இருந்தேன், நாப்பது வரைக்கும் எண்ணுனேன், அப்புறம் எண்ண முடியல, பாத்ரூம்ல தான் விடிஞ்சது. பாம்பன் தம்பி சொல்ற மாதிரி கரையப் பாருன்னா மூடுன கேபின்ல இருட்டுல எந்தக் கரையப் பாக்குறது?
இன்னொண்ணு சார், அங்க ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் தெக்க இருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளுந்த தண்ணியக் கொண்டு வரும், காத்தும் கூட. நீங்க போற செப்டம்பர்ல தான் அலை கூடுதலா இருக்கும். மக புக் பண்ணும்போது கீழ்த்தளத்துல நடுவாக்குல இருக்க கேபினா கேக்கச் சொல்லுங்க, முன்பக்கம் வேணாம்.

பாம்பன் காத்து:
லாத்தா சொல்றது சரி, மூடுன ரூம யோசிக்கல. நடுவுல படுங்கன்னு சொன்னதும் சரிதான், வல்லத்துல அணியத்துல, அதான் முன்பக்கத்துல, உக்காந்தவன் தான் மொதல்ல எடுப்பான். ஆனாலும் மாத்திரை போட்டு அரைத்தூக்கத்துல உடும்பு பாக்குறதுக்கு இம்புட்டு காசான்னு தான் கேக்குறேன்.

டெலிலென்ஸ் தம்பி:
மாத்திரைய விடுங்க சார். கேமரா என்ன வச்சிருக்கீங்க? குறைஞ்சது தூரத்துல இருக்கத கிட்ட காட்டுற 100-400 லென்ஸ், பத்து மடங்கு பெருசாக் காட்டுற 10x42 பைனாகுலர், ரெண்டு பேட்டரி, நனையாத பை. வாழ்க்கைல ஒரு தடவ போறீங்க, போன்ல எடுத்துட்டு வந்து அப்புறம் அழக்கூடாது.

கீழக்கரை லாத்தா:
தம்பி அங்க மிருகத்துக்கிட்ட இருந்து 2 மீட்டர் தள்ளி நிக்கணும்ங்குறது ரூலு. ரூலு எதுக்குன்னா அதுக விலகிப் போகாது, நம்மதான் விலகணும். நீலக்கால் பூபின்னு ஒரு பறவை, நடக்குற பாதையிலயே முட்டை போட்டு உக்காந்துருக்கு, எந்திரிக்கவே இல்ல. அதுக்கு 400 லென்ஸ் போட்டா கண்ணு மட்டும்தான் விழும். பைனாகுலரும் 8x42 போதும், ஆடுற படகுல 10 வச்சா பிம்பம் குதிக்கும்.

டெலிலென்ஸ் தம்பி:
பறக்குற பறவைக்கு என்ன பண்ணுவீங்க லாத்தா? போன்ல எடுத்தா கொசு மாதிரி இருக்கும். லென்ஸ் வேணும்ங்குறதுல நான் மாறல. பைனாகுலர் 8 ஓகே.

பாம்பன் காத்து:
நான் வேற ஒண்ணு கேக்குறேன், யாரும் தப்பா எடுக்கக்கூடாது. அந்தத் தீவுல கால் வைக்க வெளிநாட்டுக்காரனுக்கு ஆளுக்கு 200 டாலர் வாசல் கட்டணமாம், 2024 ஆகஸ்ட்டுக்கு முன்னாடி 100 தானாம். ரெண்டு பேருக்கு 400 டாலர், கப்பல் காசு தனி. நம்ம வாசல்ல தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு இருக்கு. குருசடையத் தாண்டி எத்தன பேரு பாத்துருக்கான்? ஆவுளியா, அதான் கடல்பசு, எங்க மேயும்னு இங்க எத்தன வாத்தியாருக்குத் தெரியும்?

மன்னார் பவளம்:
கடல் உயிரியல் படிக்கிறேன், மண்டபம் பக்கம் தான். அண்ணே 21 தீவு இருந்துச்சு. தூத்துக்குடி பக்கம் விலாங்குச்சல்லி, கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டி ரெண்டும் கடல் மட்டத்துக்குக் கீழ போச்சு. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்ததுல அலைய தடுக்க ஆள் இல்லாம போச்சு. 1986ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சப்புறமும் வெட்டுனாங்க. எல்லாரும் போய்ப் பாக்கட்டும்னு தொறந்து விட்டா மிச்சம் இருக்கதும் போகும். கலபகோஸ்ல இருக்க மாதிரி எண்ணி உள்ள விடணும். அங்க பெரிய கப்பல்னாலும் 100 பேருக்கு மேல கிடையாது, 16 பேருக்கு ஒரு கைடு கட்டாயம், ஒரே கப்பல் ஒரே எடத்துக்கு ரெண்டு வாரத்துக்குள்ள மறுபடி போகக்கூடாது.

பாம்பன் காத்து:
வெட்டுனது யாருக்கு, வல்லக்காரன் வீட்டுக்கா? எங்க ஆத்தா முல்லித்தீவுல பாசி எடுத்துட்டு மத்தியானம் அங்கனயே கஞ்சி குடிச்சுட்டு வந்தவ. தகரத்தட்ட கால்ல கட்டிக்கிட்டு முங்குவா, துடுப்பு மாதிரி. இன்னிக்கு அதே தீவுல கால் வச்சா கேஸு. கடலடியில ஊர்ற கடல் அட்டைய 2001ல வனவிலங்குச் சட்டத்துல காட்டு யானை இருக்க அதே பட்டியல்ல சேத்தாங்க, வலையில தானா வந்து விழுந்த அட்டைக்கு ஜெயிலுக்குப் போனவன் எங்க தெருவுலயே இருக்கான். எங்கள வெளிய நிறுத்திட்டு டூரிஸ்ட எண்ணி உள்ள விடுவீங்க. இதத்தான் கலபகோஸ் மாடல்ங்குறீங்களா தம்பி?

மன்னார் பவளம்:
அண்ணே இந்த சண்ட அங்கயும் அப்படியே நடந்துச்சு, அட்டைக்காகவே நடந்துச்சு. 1994ல கொஞ்ச நாளைக்கு அட்டை எடுக்க விட்டாங்க, அளவு மீறிப் போச்சுன்னு பாதியில நிறுத்துனாங்க, 1995 ஜனவரில மீன்காரங்க போய் டார்வின் ஆராய்ச்சி நிலையத்தையே முற்றுகை போட்டாங்க. அப்புறம் 1998ல தனிச்சட்டம் போட்டப்ப அந்த ஊர் மீனவனுக்கு மட்டும்தான் அந்தக் கடல்ல மீன்பிடி உரிமை, வெளியூர் பெரிய கப்பல் உள்ள வரக்கூடாதுன்னு எழுதுனாங்க, கடல் நிர்வாகத்துலயும் மீனவங்களுக்கு எடம் குடுத்தாங்க. சண்ட தீந்துச்சுன்னு சொல்லல. ஆனா நான் மாடல்னு சொன்னது இதையும் சேத்துத்தான்.

பாம்பன் காத்து:
அந்த எழுத்த இங்க எழுத வைங்க, நானே டூரிஸ்ட எண்ணி உள்ள விடுறேன். அது வரைக்கும் தீவுப் பேச்ச எங்கிட்ட எடுக்காதீங்க.

உச்சிப்புளி வாத்தியார்:
தம்பிகளா, ரெண்டு பேரும் சொல்றதுல நியாயம் இருக்கு, அங்க போனா அந்த மீன்காரங்களையும் பாத்துப் பேசிட்டு வர முடியுமான்னு பாக்குறேன். இப்ப வீட்டம்மா பிரச்சினைய தீத்து வைங்க. சேலை தவிர வேற கட்டுனதில்ல, படகுல இருந்து தண்ணிக்குள்ள எறங்கணும்னு லிஸ்ட்ல போட்ருக்கத படிச்சதுல இருந்து நான் வரல நீங்க போங்கங்குறா.

கீழக்கரை லாத்தா:
அக்காட்ட சொல்லுங்க சார், நான் தலையில இருந்து கால் வரைக்கும் மூடித்தான் போனேன். முழுக்கை நீச்சல் டிரஸ், லெக்கிங்ஸ், தலைக்கு இறுக்கமா ஒரு துணி. தண்ணி குளுருக்கு கப்பல்லயே ரப்பர் சூட்டு வாடகைக்கு குடுப்பாங்க, வெள்ளைக்காரியும் அதத்தான் மாட்டிட்டு நிப்பா, யாரு எந்த ஊருன்னே தெரியாது. நம்ம மன்னார் கடல் வெதுவெதுன்னு இருக்கும், அங்க மேற்குப்பக்கத் தீவுல அந்த சீசன்ல 20 டிகிரிக்கும் கீழ போகும். பூமத்திய ரேகையிலயே பெங்குவின் இருக்குன்னா பாத்துக்கங்க.
எறங்குறது ரெண்டு மாதிரி. கப்பல்ல இருந்து பாங்கான்னு சொல்ற ரப்பர் படகுல ஏத்தி கூட்டிட்டுப் போவாங்க. மணக்கரைன்னா படகு விளிம்புல உக்காந்து ரெண்டு காலையும் வெளிய போட்டு முழங்கால் தண்ணில எறங்கி நடக்கணும், அதுக்கு பின்பட்டை வச்ச செருப்பு. பாறைக்கரைன்னா அலை படகத் தூக்குற நேரம் பாத்து கால் எடுத்து வைக்கணும், அதுக்கு வழுக்காத ஷூ. அதான் ரெண்டு ஜோடி, மக லிஸ்ட்ல தப்பு இல்ல. படகுக்காரன் கை நீட்டுனா விரல பிடிக்கக் கூடாது, அவன் முழங்கைக்கிட்ட நம்ம கை, நம்ம முழங்கைக்கிட்ட அவன் கை. கையில பை, போன் ஒண்ணும் இருக்கக்கூடாது. நான் போன பிடிச்சுக்கிட்டு எறங்குனேன், அது அங்கனயே கெடக்கு, பசிபிக்ல.
அப்புறம் சக்கரம் வச்ச பெரிய பெட்டி வேணாம், கேபின்ல வைக்க எடம் இருக்காது, மடிக்கிற பை போதும். தீவுக்கு விமானம் ஏறுறதுக்கு முன்னாடி பையத் தொறந்து பழம், விதை, செடி இருக்கான்னு பாப்பாங்க. அக்கா கருவேப்பிலை, பச்சமொளகா கட்டிட்டு வந்தா அங்கயே எடுத்து வச்சுருவாங்க.

மருந்துக்கடை பாண்டி:
முக்கியமானத எல்லாரும் விட்டுட்டீங்க. ஈக்வடார் போய்ட்டு இந்தியா திரும்புறப்ப மஞ்சக்காய்ச்சல் ஊசி சான்று கேப்பாங்க, இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனியா உக்கார வச்சுருவாங்க. பயணத்துக்கு குறைஞ்சது 10 நாள் முன்னாடி போட்டுருக்கணும், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க. ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் செல்லும். 60 தாண்டுனவங்களுக்கு அந்த ஊசி கொஞ்சம் யோசிச்சுத்தான் போடுவாங்க, அதனால உங்க டாக்டர்ட்ட இந்த வாரமே பேசுங்க, கடைசி வாரத்துல ஓடாதீங்க.

உச்சிப்புளி வாத்தியார்:
இது மக லிஸ்ட்லயே இல்ல! கோடி புண்ணியம் தம்பி. அப்போ கடல்ல பழகுறதுக்கு என்ன பண்ணட்டும்? குந்துகால்ல படகு புடிக்கலாமா?

பாம்பன் காத்து:
ஐயா இப்ப கச்சான் காத்து அடிக்குது, குந்துகால் இருக்க தென்கடல், அதான் மன்னார் வளைகுடா, நாங்க ஆண் கடல்ங்குறது, இந்த மாசத்துல முரட்டுத்தனமா கெடக்கும், அங்கிட்டு போகாதீங்க. வடகடல், அதான் பாக் நீரிணைப் பக்கம், இப்ப குளம் மாதிரி இருக்கும், ஐப்பசிக்கு மேல தான் அது திரும்பும். அரியமான் கரைக்கு வாங்க, உங்க ஊருக்குப் பக்கம்தான. என் வல்லத்த இடுப்பளவு தண்ணில நங்கூரம் போட்டு வைக்கிறேன், எங்கயும் ஓட்டப் போறதில்ல. ஏறுறது, எறங்குறது, லாத்தா சொன்ன மாதிரி கையப் பிடிச்சு எறங்குறது, ஒரு இருபது தடவ. வாயால மூச்சு விட்டு மூஞ்சிய தண்ணில வைக்கிறத அம்மாவுக்கு என் தங்கச்சி சொல்லிக் குடுப்பா, அவ பாசிக்குப் போறவ. காசு கீசு பேசாதீங்க.

கீழக்கரை லாத்தா:
லைஃப் ஜாக்கெட்டோட ஏறி எறங்கச் சொல்லுங்க, அங்க பாங்காவுல அது இல்லாம ஏத்த மாட்டாங்க. அத மாட்டிக்கிட்டா குனிஞ்சு கால் தெரியாது, அதுக்குத்தான் பழக்கம் வேணும்.

பாம்பன் காத்து:
ரெண்டு இருக்கு, கொண்டு வர்றேன்.

உச்சிப்புளி வாத்தியார்:
ஞாயித்துக்கிழமை வெள்ளன வந்துர்றோம். வீட்டம்மா சரின்னுட்டா, உங்க தங்கச்சி வர்றான்னதும் தான் சரின்னா. புளிசாதம் கட்டிட்டு வரலாமா?

பாம்பன் காத்து:
புளிசாதம் எங்களுக்குக் குடுங்க. நீங்க ரெண்டு இட்லிக்கு மேல சாப்டாதீங்க, வெறும் வயித்தோடயும் வராதீங்க. பாண்டி தம்பி சொன்ன மாத்திரையப் போட்டுட்டு வந்தாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

டெலிலென்ஸ் தம்பி:
நானும் வர்றேன். லென்சோட.