இணையவழித் திட்டங்களில் லத்தீனா பெண்களை நடக்கவைக்கும் உளவியல் காரணி எது?

கேள்வி (ஆய்வு மாணவி):
அமெரிக்காவில் வாழும் லத்தீனா பெண்களின் (லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களின்) ஓய்வுநேர உடலியக்கத்தைக் கூட்டுவதற்காக இணையம் வழியே நடத்தப்படும் திட்டங்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். சான் டியேகோவில் 205 பெண்களைக் கொண்டு நடத்தப்பெற்று 2016-இல் வெளியான 'பாசோஸ் அசியா லா சலூத்' ஆய்வில், ஒவ்வொருவரும் வினாத்தாளில் தந்த விடைகளுக்கு ஏற்ப ஸ்பானிய மொழியில் அமைந்த இணையதளத்தை 6 மாதங்கள் பயன்படுத்தியவர்கள், பொதுவான உடல்நலத் தகவல்களை மட்டும் பெற்றவர்களைவிட அதிகமாக உடலை இயக்கினார்கள். அந்த மாற்றத்துக்குள் வேலை செய்தது எது என்பதே என் கேள்வி. உடற்பயிற்சியின் நன்மைகளை அறிந்துகொண்டதாலா, தன்னால் முடியும் என்ற எண்ணம் வளர்ந்ததாலா, குடும்பத்தின் ஆதரவாலா? (வேலையிடத்திலும் வீட்டிலும் நாள் முழுதும் ஓடியாடி உழைப்பவர்களை 'இயக்கம் குறைந்தவர்கள்' என்று எழுத எனக்கே உறுத்துகிறது, அதனால்தான் ஓய்வுநேரம் என்று வரையறுத்துக்கொண்டேன்.)

பதில் (உளவியல் விரிவுரையாளர்):
தகவலை முதலில் ஒதுக்கிவிடுங்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான இயக்கம் தேவை என்ற பரிந்துரை தெரிந்திருப்பதாலேயே யாரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் முன்வைத்த தன்னாற்றல் நம்பிக்கை, அதாவது ஒரு செயலைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை, என்ற கருத்தில்தான் உங்கள் விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்பது என் எண்ணம். இத்துறையில் பழகிப்போன ஐந்து வினாக்களைப் பாருங்கள்: களைத்திருக்கும்போது, மனநிலை சரியில்லாதபோது, நேரமில்லை என்று தோன்றும்போது, விடுமுறையில் இருக்கும்போது, மழையோ பனியோ பெய்யும்போது உங்களால் உடற்பயிற்சி செய்ய முடியும் என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள்? ஒருத்தி நேரமில்லை என்ற வினாவுக்கு மிகக் குறைந்த உறுதியைக் குறித்தால், மழைநாளைப் பற்றிய அறிவுரையை விட்டுவிட்டு, பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்து நடப்பதைப் பற்றிய பக்கத்தை அவளுக்குக் காட்ட இணையதளத்தால் முடியும். அவள் அந்தப் பத்து நிமிடத்தை நடந்து முடித்துத் தளத்தில் பதிந்து, வரைபடத்தின் கோடு சற்றே ஏறுவதைத் தன் கண்ணால் காணும்போது பிறப்பதுதான் இந்த நம்பிக்கைக்குப் பண்டூரா சொன்ன நான்கு ஊற்றுகளில் வலிமையானது: செய்து பார்த்துப் பெற்ற அனுபவம்.

பதில் (சமூகநலப் பணியாளர்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நம்பிக்கை மட்டும் நடந்துவிடாது. மனிதர் தம் பழக்கங்களைப் படிப்படியாகவே மாற்றுகிறார்கள் என்று சொல்லும் பிரொகாஸ்கா, டிகிளெமென்டே ஆகிய உளவியலாளர்களின் மாற்றநிலைக் கோட்பாட்டில், அந்த மாற்றத்துக்கு உதவும் உத்திகளாக வரும் பத்து மாற்றச் செயல்முறைகளில் ஐந்து சிந்தனை சார்ந்தவை, ஐந்து நடத்தை சார்ந்தவை. நடைக்காலணியைக் கதவருகே வைத்துக்கொள்வது, தனக்குத்தானே சிறு பரிசு தந்துகொள்வது, துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்வது போன்ற இந்த இரண்டாம் வகையைப் பலர் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். இன்னொன்று, குடும்பத்தை முதலில் வைக்கும் 'ஃபமிலிஸ்மோ' என்ற பண்பைத் தடை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனக்கென அரைமணி நேரம் ஒதுக்குவது தன்னலம் என்ற குற்ற உணர்வு பல தாய்மாரிடம் உண்மையாகவே இருக்கிறது; ஆனால் அதே தாய், நான் நலமாக இருந்தால்தான் இவர்களைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று எண்ணத் தொடங்கினால், அந்தப் பண்பே அவளை வெளியே அழைத்துச் செல்லும். பிள்ளைகளும் உடன் நடந்தால் அதுவே சமூக ஆதரவாகிவிடுகிறது. செய்வதில் இன்பம் இருக்கிறதா என்பதையும் தனியாக அளந்துகொள்ளுங்கள். பிடிக்காததை ஆறு மாதத்துக்குமேல் யார் தொடர்வார்கள்?

பதில் (புள்ளியியலர்):
ஓர் எச்சரிக்கை மட்டும். தன்னாற்றல் நம்பிக்கையையும் இயக்க நிமிடங்களையும் ஆறாம் மாதத்தில் ஒரே நாளில் அளந்துவிட்டு, முன்னது பின்னதை உண்டாக்கியது என்று எழுதினால் தேர்வாளர் விடமாட்டார். நடந்ததால் நம்பிக்கை வளர்ந்திருக்கவும் கூடும். இடையீட்டுக் காரணி, அதாவது திட்டம் எதன் வழியாக இயக்கத்தைக் கூட்டியதோ அது, என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது இடைக்காலத்தில், எடுத்துக்காட்டாக மூன்றாம் மாதத்தில், மாறியிருப்பதையும், அந்த மாற்றம் பிந்தைய இயக்கத்தோடு தொடர்புகொள்வதையும் காட்ட வேண்டும். இயக்கத்தைப் பங்கேற்பாளர் சொல்லக் கேட்டு மட்டும் கணக்கிடாமல், உடல் அசைவை அளக்க இடுப்பில் அணியும் ஆக்ஸெலரோமீட்டர் என்ற சிறு கருவியின் பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை கூடியவர் தன் நிமிடங்களையும் கூட்டிச் சொல்லும் வாய்ப்பு இருப்பதால், இரண்டையும் வினாத்தாளிலேயே அளந்தால் தொடர்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

ஆய்வு மாணவி:
மூவருக்கும் நன்றி. என்னிடம் உள்ள தரவில் மூன்றாம் மாத அளவீடு தன்னாற்றல் நம்பிக்கைக்கும் மாற்றச் செயல்முறைகளுக்கும் மட்டுமே இருக்கிறது. அந்த இரண்டையே இடையீட்டுக் காரணிகளாகச் சோதித்துவிட்டு, குடும்ப ஆதரவையும் இன்பத்தையும் ஆறாம் மாதத் தொடர்புகளாக மட்டும் எழுதப்போகிறேன்.