சாயங்காலமானா நான் ‘நீங்க’ ஆயிடறேன்

38 வருஷமா என்னை ‘நீ’ன்னு கூப்பிட்டவர் என் வீட்டுக்காரர். அல்சைமர்ங்கிற மறதி நோய் வந்ததுக்கப்புறம், இப்போ பொழுது சாய்ஞ்சா ‘நீங்க’ன்னு ஆரம்பிச்சுடுவார். “நீங்க ரொம்ப உதவியா இருக்கீங்க. ஆனா நான் வீட்டுக்குப் போகணும், அவ காத்துக்கிட்டிருப்பா.” அந்த ‘அவ’ நான்தான்.

ஆரம்பத்துல வாதாடினேன். “இதுதாங்க நம்ம வீடு”ன்னு கல்யாண ஃபோட்டோவை எடுத்து நீட்டினேன். அதுல இருக்கிற பொண்ணைத் தெரிஞ்சுது, எதிர்ல நிக்கிற நரைச்ச தலையைத் தெரியலை. அல்சைமர்ல ஆரம்பத்துலயே அடிபடற இடங்கள்ல ஒண்ணு, மூளையில புது நினைவைப் பதியவைக்கிற ஹிப்போகாம்பஸ்ங்கிற பகுதி, அதான் பழசு நிக்குது, நேத்து நிக்கலைன்னு டாக்டர் சொன்னாங்க. அதுக்கப்புறம் வாதாடறதை விட்டுட்டேன். “அவங்க எப்படி இருப்பாங்க?”ன்னு கேட்பேன். சொல்லிக்கிட்டே செருப்பு மாட்டிக்குவார். தெருவுல ஒரு சுத்து நடந்துட்டு உள்ளே வந்தா, “அப்பாடா, வந்து சேர்ந்தாச்சு” என்பார். இருட்டறதுக்கு முன்னாடியே எல்லா லைட்டையும் போட்டுடறேன். நிழல் விழுந்தா அவருக்குப் பயம் கூடுது.

குளியலறை வாசல்ல கறுப்பு மிதியடி கிடந்தது. அதுகிட்ட வந்ததும் நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடுவார். நாலு நாள் அடம்னு நினைச்சுத் திட்டினேன். அவர் கண்ணுக்கு அது பள்ளம். எடுத்துப் போட்டதும் நேரா நடந்து போனார். அந்தத் திட்டு இன்னும் என் நெஞ்சுல கிடக்கு.

ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்றேன். ரெண்டே நாள்ல திடீர்னு மோசமானா, ‘நோய் முத்திடுச்சு’ன்னு விட்டுடாதீங்க. இவர் ஒரு தடவை சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பிச்சார், பகலெல்லாம் அரைத்தூக்கம். முதல்ல பார்த்த டாக்டர் வயசு காரணம்னுட்டார். மனசு கேக்காம இன்னொருத்தர்கிட்ட போய்ச் சிறுநீர் பரிசோதனை செஞ்சோம். தொற்று. ஆன்டிபயாடிக் கொடுத்து, ரெண்டு வாரத்துல பழைய நிலைக்கு வந்தார்.

— பதில்: நான் என் மனைவியைப் பார்த்துக்கறேன் அம்மா. கண்ணாடியில ஒரு கிழவி முறைக்கிறான்னு அழுவாங்க. துணி போட்டு மூடினேன், அழுகை நின்னுது. நீங்க எப்போ தூங்குவீங்க?

— ஞாயித்துக்கிழமை தம்பி வந்து மூணு மணி நேரம் கூட இருப்பான். அப்போ வீட்டு வேலை எதையும் தொடமாட்டேன் அண்ணா, தூக்கம்தான். ராத்திரி உத்தரவாதம் இல்லை. நேத்து மூணு மணிக்குக் கதவுத் தாழ்ப்பாளைத் தடவிக்கிட்டு நின்னார். போய்க் கையைப் பிடிச்சேன். “ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு, நீ போர்த்திக்கலையா?”ன்னார். திரும்பப் படுக்கவைக்க அரை மணி நேரம் ஆச்சு.