லெம்மன் வால்மீனின் வாலைச் சிங்கப்பூரிலிருந்து படமெடுக்க ஸ்வான் ஃபில்டர் உதவுமா?

கேள்வி: செங்காங் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். லெம்மன் வால்மீனை (சி/2025 ஏ6) எங்கள் வட்டாரத்தின் பலமாடி வாகன நிறுத்துமிடத்து மேல்தளத்திலிருந்து, 135 மி.மீ. லென்ஸையும் சிறிய டிராக்கரையும் (வானத்தின் சுழற்சிக்கேற்பக் கேமராவைத் திருப்பும் கருவி) கொண்டு, அந்தி மறைந்ததும் படமெடுத்து வருகிறேன். பச்சை நிறத் தலை நன்றாகப் பதிகிறது. வாலோ நகர வெளிச்சத்தில் கரைந்துவிடுகிறது. ஸ்வான் பட்டை ஃபில்டரைப் பொருத்தினால் வால் வெளிப்படுமா? துருவ நட்சத்திரம் இங்கு தொடுவானத்தை ஒட்டியே இருப்பதால், டிராக்கரின் சுழல் அச்சை வானத்தின் வடதுருவத்தை நோக்கிச் சரியாக நிறுத்தும் வழியையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: ஜூரோங் வாசகர்

வாலுக்காக அந்த ஃபில்டரை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு 514 நானோமீட்டரை ஒட்டி உமிழும் பச்சை ஒளியை மட்டுமே அது உள்ளே விடுகிறது. அந்த மூலக்கூறைச் சூரிய ஒளி ஏறத்தாழ இரண்டு நாளில் உடைத்துவிடுகிறது என்பதை 2021இல் நியூ சௌத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் காட்டினார்கள். பச்சை நிறம் தலையோடு நின்றுவிடுவதற்கு அதுவே காரணம். மின்னூட்டம் பெற்ற வாயுவாலான அயனி வாலின் நீலம் கார்பன் மோனாக்சைடு அயனியிலிருந்து, பெரும்பாலும் 400 முதல் 430 நானோமீட்டர் வரையிலான பகுதியில் வருவதால், ஃபில்டர் அதை அடியோடு தடுத்துவிடும். தூசு வால் சூரிய ஒளியைப் பிரதிபலிப்பது. எல்லா நிறங்களும் அதில் உண்டு. 2024இல் வந்த சுச்சின்ஷான்-அட்லஸ் போன்ற தூசு மிகுந்த வால்மீனுக்கு ஃபில்டர் நன்மையைவிடத் தீங்கே அதிகம் செய்யும். நம் எல்இடி தெருவிளக்குகளின் ஒளியும் அகன்ற நிறமாலை கொண்டது என்பதால், சோடியம் விளக்குகளுக்கென்று வந்த பழைய ஃபில்டர்களாலும் பெரிய பயனில்லை. முடிந்தால் வெளிச்சம் குறைந்த லிம் சூ காங் பக்கம் செல்லுங்கள். மலேசியாவின் மெர்சிங் வரை போக முடிந்தால் இன்னும் நல்லது.

பதில்: பிடோக் வாசகர்

அச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். சிங்கப்பூரில் காந்த விலகல் (திசைகாட்டியின் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் இடையிலான கோணம்) அரைப் பாகைக்கும் குறைவு. ஆகவே திசைகாட்டி காட்டும் வடக்கையே நம்பலாம். ஆனால் கட்டடத்தின் இரும்புக் கம்பிகளும் கார்களும் முள்ளைத் திருப்பிவிடும் என்பதால், திறந்த வெளியில் வடக்கைக் கணித்துத் தொலைவிலுள்ள ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் அட்சரேகைக்கு ஏற்ப அச்சை 1.3 பாகை உயர்த்தினால் போதும். ஒரு பாகை பிழை இருந்தாலும், நட்சத்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 16 விகலையே (ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) விலகும். உங்கள் கேமராவின் பிக்சல் 4.3 மைக்ரான் என்றால், 135 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் 6.6 விகலையைக் காட்டும். 20 விநாடிப் படத்தில் அந்த விலகல் ஒரு பிக்சலைக்கூடத் தாண்டாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அப்படியானால் 20 விநாடிப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கலாமா?

பதில்: பிடோக் வாசகர்

தாராளமாக அடுக்கலாம். சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் ஆகிய இரு மென்பொருள்களிலும் வால்மீனின் மையத்தை வைத்து ஒழுங்குபடுத்தும் வசதி உண்டு. நட்சத்திரங்கள் கோடுகளாக நீளும், அதில் தவறில்லை. அயனி வாலின் முடிச்சுகள் சூரியக் காற்றால் (சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம்) ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இடம் மாறக்கூடும் என்பதால், முழு மாலையின் படங்களையும் ஒரே அடுக்காக்காமல், இருபது இருபது நிமிடத் தொகுதிகளாகப் பிரித்து அடுக்கிப் பாருங்கள்.