வெள்ளவத்தை வீடு: தேசவழமை பொருந்துமா?

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டை, 81 வயதான அப்பா தமது சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு எனக்கு நன்கொடை உறுதியாக (பத்திரமாக) எழுத விரும்புகிறார். ஆறு மாதமாக அது நகரவில்லை. பெற்றோர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1974இல் அங்கேயே மணம் முடித்து, பின்னர் கொழும்புக்கு வந்தவர்கள். வீடு 1988இல் அப்பாவின் சம்பளத்தில், அவர் பெயரில் மட்டும் வாங்கப்பட்டது.

முதலில் பார்த்த நொத்தாரிசு, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி இது தேடியதேட்டம், அதாவது மணவாழ்வில் தேடிய சொத்து, பாதி அம்மாவுக்குரியது, எனவே அவரும் கையெழுத்திட வேண்டும் என்றார். இரண்டாமவரோ, இத்தனை ஆண்டுகள் கொழும்பில் இருப்பவர்களுக்குப் பொதுச் சட்டமே என்றார். மரண சாசனம் எழுதலாம் என்றால் அப்பா, "நான் செத்தபிறகு நீங்கள் அடிபடவா?" என்று கேட்டு, உறுதியைப் பிஸ்கட் தகரத்துக்குள் திரும்ப வைத்துவிடுகிறார். அக்காவுக்குச் சீதனமாகக் கோண்டாவில் காணி கொடுத்தாயிற்று. ஆனாலும் அவரைக் கேட்காமல் எழுத அம்மா இணங்கவில்லை, அதில் நியாயம் உண்டென்றே நானும் நினைக்கிறேன். ரொறன்ரோவில் உள்ள அண்ணா தமக்கு ஒன்றும் வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னதோடு சரி, எழுத்தில் எதுவும் தரவில்லை.

எழுதிய நன்கொடையை நன்றிகேட்டைக் காட்டி மீளப் பெறுவதென்றால், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி நீதிமன்றம் போக வேண்டியிருப்பதால், அவசரப்படவும் தயக்கமாக இருக்கிறது.

இப்படிக் கொழும்பில் நிலைகொண்ட குடும்பத்துக்குத் தேசவழமை பொருந்துகிறதா என்பதை எந்த ஆதாரங்களைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள்?