பயிற்சி முனை இலக்கில் படுகிறது, வேட்டை முனை விலகுகிறது: வில்லில் எதைத் திருத்துவது?

கேள்வி

வணக்கம். விஸ்கான்சினில் மான் வேட்டைக்கான வில் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கிவிடும். அதற்குள் இந்தச் சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். என்னுடையது 60 பவுண்டு இழுவிசை கொண்ட காம்பவுண்ட் வில், அதாவது இரு முனையிலும் சக்கரம் உள்ள வில். வலக்கையால் இழுத்து, ரிலீஸ் கருவியால் நாணை விடுகிறேன். அம்புகள் 28 அங்குல நீளமுள்ள 400 ஸ்பைன் (வளையும் தன்மையின் அளவு) கார்பன் அம்புகள். 100 கிரெய்ன் பயிற்சி முனையுடன் 30 கஜத்திலிருந்து எய்தால் மூன்று அம்புகளும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. அதே அம்புகளில், அதே 100 கிரெய்ன் எடையுள்ள மூன்று வெட்டும் அலகுகள் கொண்ட வேட்டை முனையை (பிராட்ஹெட்) பூட்டினால், மூன்றும் ஒன்றாகவே ஆறு அங்குலம் இடப்பக்கமும் மூன்று அங்குலம் கீழேயும் போய்ப் படுகின்றன. வில்லில் குறிபார்க்கும் கருவியான சைட்டை நகர்த்திப் பார்த்தேன். பிராட்ஹெட் நடுவுக்கு வந்தது, பயிற்சி முனை வலப்பக்கம் மேலே போய்விட்டது. எடை ஒன்றாக இருக்கும்போது பாதை மட்டும் ஏன் மாறுகிறது?

முதல் மறுமொழி

முதலில் சைட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். சைட் உங்கள் கண்ணைத் திருத்துமே தவிர, அம்பு வில்லை விட்டுக் கிளம்பும் விதத்தைத் திருத்தாது.

அம்பு நேராகக் கிளம்பாமல் வால் சற்றே ஒருபுறம் ஒதுங்கிக் கிளம்பினாலும், பயிற்சி முனை மெலிதாக இருப்பதால் பின்னால் உள்ள இறகுகள் சில கஜத்துக்குள் அதை நேர்ப்படுத்திவிடுகின்றன. பிராட்ஹெட்டின் அலகுகளோ முன்பக்கத்தில் இன்னொரு தொகுதி இறகுகளைப்போல் காற்றைப் பிடிப்பதால், முனை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கமே அம்பை இழுத்துச் செல்கின்றன. குறை பிராட்ஹெட்டில் இல்லை. முன்பே இருந்த குறையை அது காட்டிக்கொடுக்கிறது. உங்கள் மூன்று அம்புகளும் சிதறாமல் ஒரே இடத்தில் விலகுவது நல்ல அறிகுறி. பெரும்பாலும் கோளாறு கைப்பிடியில் இல்லை, வில்லின் அமைப்பில்தான் இருக்கிறது.

அம்பைத் தாங்கும் பாகமான ரெஸ்டைத் தொடுவதற்கு முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒவ்வோர் அம்பையும் நிமிர்த்தி, முனையை ஒரு மரப்பலகையில் ஊன்றிச் சுழற்றுங்கள். முனை சேரும் இடத்தில் நடுக்கம் தெரிந்தால் அந்த அம்பை ஒதுக்குங்கள், அதை வைத்து வில்லைத் திருத்த முடியாது. அடுத்து, ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, வில்லை முழுவதும் இழுங்கள். இரு கேம்களும் (முனைச் சக்கரங்கள்) ஒரே நேரத்தில் நிறுத்தத்தைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அந்தத் திருத்தத்துக்கு வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவியான வில் பிரெஸ் தேவைப்படும். பிரெஸ் இல்லாமல் வீட்டில் முயல வேண்டாம்.

இவை சரியாக இருந்தால், ரெஸ்ட் இப்போது இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிராட்ஹெட்டைப் பயிற்சி முனை படும் இடத்தை நோக்கித் தள்ளுவதாக நினைத்து ரெஸ்டை நகர்த்துங்கள். இடப்பக்கம் விலகுவதால் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். கீழே படுவதால் சற்று உயர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.8 மில்லிமீட்டர் போதும். இரண்டு திசையையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது. பயிற்சி முனை அம்புகள், பிராட்ஹெட் அம்புகள் ஆகிய இரு குழுக்களும் ஒரே இடத்தில் படத் தொடங்கிய பிறகே சைட்டைத் தொடுங்கள்.

இரண்டாவது மறுமொழி

பருவம் நெருங்கிவிட்டது என்றால், விரியும் அலகு கொண்ட முனைக்கு மாறிவிடலாம். பறக்கும்போது அலகுகள் மூடியிருப்பதால் ஏறக்குறைய பயிற்சி முனையைப்போலவே போகும். ஆனால் குறை மறையுமே தவிர தீராது, வால் ஒதுங்கிப் போய்ப் பதியும் அம்பு ஆழமாகவும் இறங்காது. ஆகவே நானாக இருந்தால் திருத்திவிட்டுத்தான் மாறுவேன்.

ஒன்று விடுபட்டிருக்கிறது. அம்பின் இறகுகளிலும் ரெஸ்டிலும் பாதத்துக்குப் போடும் பவுடர் ஸ்பிரேயை அடித்துவிட்டு ஓர் அம்பை எய்யுங்கள். பவுடரில் கீறல் விழுந்திருந்தால் இறகு ரெஸ்டில் உரசுகிறது. அப்படியானால் எவ்வளவு நகர்த்தினாலும் குழுக்கள் சேராது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பவுடர் சோதனையை முதலில் செய்தேன். கீழ் இறகு ஒன்றின் ஓரத்திலும் ரெஸ்டின் கவட்டையிலும் பவுடர் வழித்தெடுத்தாற்போல் போயிருந்தது. என்னுடையது கேபிளோடு கயிற்றால் இணைந்து, நாணை விட்டதும் கீழே விழும் ரெஸ்ட். அது தாமதமாக விழுந்து இறகைத் தட்டி வாலை மேலே எற்றியதால்தான் முனை கீழே இறங்கியிருக்கிறது. கயிற்றைச் சிறிது நீட்டிக் கட்டினேன், கீழே படுவது நின்றுவிட்டது. ரெஸ்டை உயர்த்தவே தேவைப்படவில்லை.

பக்கவாட்டுக்கு மூன்று தடவை வலப்பக்கம் நகர்த்தினேன். முதல் நகர்த்தலில் ஆறு அங்குலம் நான்கானது, இரண்டாவதில் ஒன்றரை, மூன்றாவதில் இரு முனைகளும் ஒரே இடத்தில் படத் தொடங்கின. பிறகு சைட்டை லேசாக மட்டும் சரிசெய்தேன்.

40 கஜத்தில் நான்காம் எண் எழுதிய அம்பு மட்டும் இன்னும் வலப்பக்கம் போகிறது. நாணில் பொருந்தும் வால் பகுதியை (நாக்) திருப்பிப் பூட்டியும் மாறவில்லை, பலகையில் சுழற்றினாலும் நடுக்கம் இல்லை. அதைப் பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்ற ஐந்து அம்புகளோடு காட்டுக்குப் போகிறேன்.