துட்டன்காமுன் கல்லறைப் படத்தில் அந்தக் கூடை அங்கே ஏன் இருக்கிறது?

தகட்டுக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு எழுபத்தொரு வயது. அப்பா தொடங்கிய போட்டோ ஸ்டுடியோவை நாற்பது ஆண்டுகள் நடத்திவிட்டு மூடியவன். கண்ணாடித் தகட்டில் படம் எடுத்த காலத்தின் வாலைப் பிடித்து வந்தவன் நான். சிவப்பு விளக்கும் ஹைப்போ வாடையும் இன்னும் மூக்கில் இருக்கின்றன.

பேரன் டேப்லெட்டில் எகிப்திய மன்னன் துட்டன்காமுன் கல்லறையின் பழைய படங்களைக் காட்டினான். ஹாரி பர்ட்டன் எடுத்தவை. ஒரு வாரமாக வேறு வேலை ஓடவில்லை. தரையோடு சேர்ந்த மண்கூட அத்தனை துல்லியம்! மூன்று சந்தேகங்கள்.

ஒன்று: ஒரே காட்சி இரண்டு முறை இருக்கிறது. ஒரு படத்தில் சாமான்கள் மேல் வெள்ளை அட்டையில் எண்கள், இன்னொன்றில் எதுவும் இல்லை. எது முதல் படம்?

இரண்டு: ஜன்னல் இல்லாத நிலவறையில் இவ்வளவு சீரான வெளிச்சம் எங்கிருந்து வந்தது? மெக்னீசியம் கொளுத்தினால் நிழல் கத்தி போல விழும். இங்கே அப்படி இல்லை.

மூன்றாவதுதான் என்னை உறுத்துகிறது. இரண்டு கருப்புக் காவல் சிலைகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. நடுவில் பூசி முத்திரையிட்ட சுவர். அந்தச் சுவரின் அடியில் ஒரு கூடை மூடியும் கொஞ்சம் கோரையும் கிடக்கின்றன. மற்ற சாமான்கள் திணித்து அடைத்தது போல இருக்க, இது மட்டும் யாரோ கொண்டுவந்து வைத்தது போல இருக்கிறது. எங்கள் ஸ்டுடியோ பின்சுவரில் ஒரு விரிசல் இருந்தது. கல்யாணப் படம் எடுக்கும்போது அப்பா அதன் முன்னால் ஒரு பூந்தொட்டியை நகர்த்தி வைப்பார். அந்தக் கூடையைப் பார்த்ததும் பூந்தொட்டிதான் நினைவுக்கு வந்தது. என் கண்தான் கெட்டுவிட்டதா?

அட்டவணை:

ஐயா, நூலகத்தில் பட்டியல் போடுவது என் பிழைப்பு. முதல் இரண்டுக்கு நான் பதில் சொல்கிறேன்.

எண் இல்லாத படம் சாமான்கள் இருந்தது இருந்தபடி எடுத்தது. பிறகு எண் அட்டைகளை வைத்து மறுபடி எடுத்தார்கள். அதற்குப் பின்தான் பொருளில் கை வைத்தார்கள். எண்கள் 1 முதல் 620 வரை. ஒரு எண்ணுக்குள் பல பொருள்கள் இருந்தால் எழுத்துகள் சேரும். 21 என்பது வேட்டைக் காட்சி தீட்டிய பெட்டி. உள்ளே இருந்த செருப்பும் துணிமணியும் 21-க்குக் கீழே எழுத்து எழுத்தாக விரிகின்றன. அந்த ஒரு பெட்டியைக் காலி செய்யவே, கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டருக்கும் அவர் குழுவின் ஆர்தர் மேஸுக்கும் மூன்று வாரம் ஆனது. மொத்தம் 5,398 பொருள்கள். அளவு, குறிப்பு, பென்சில் படம் எல்லாம் அட்டைகளில் இருக்கின்றன. 1939-இல் கார்ட்டர் இறந்த பிறகு அவருடைய அக்கா மகள் இவற்றை ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனத்துக்குக் கொடுத்தார். அட்டையும் படமும் நாட்குறிப்பும் இணையத்தில் இலவசம். நெகட்டிவ்களில் ஒரு பங்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பர்ட்டன் அங்கே சம்பளக்காரர். கார்ட்டருக்கு இரவலாக வந்தவர்.

வெளிச்சம் மின்சாரம்தான். நகர்த்தக்கூடிய இரண்டு மின்விளக்குகளை வைத்துக்கொண்டு நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்தார். தகடு 18க்கு 24 சென்டிமீட்டர். இருட்டறை எது தெரியுமா? பக்கத்தில் இருந்த இன்னொரு கல்லறை, இன்று கேவி 55 என்று எண் பெற்றது. தகட்டை எடுத்துக்கொண்டு பர்ட்டன் ஒரு கல்லறையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவார். பல நாள்களில் மேலே காத்துக்கிடந்த சுற்றுலாக் கூட்டத்துக்கு அது ஒன்றுதான் வேடிக்கை.

விசிறி:

இந்தப் படங்கள் வண்ணத்திலேயே இருக்கின்றனவே, ஏன் கருப்பு வெள்ளையில் தேடுகிறீர்கள்? படம் எடுத்தவர்கள் எல்லோரும் சாபத்தில் செத்துப்போனதாகவும் படித்தேன்.

தகட்டுக்காரர்:

தம்பி, நீங்கள் பார்த்தது பின்னாளில் கணினியில் ஏற்றிய வண்ணம். கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் பூசிச் சம்பாதித்தவன் நான். மணப்பெண்ணின் புடவை என்ன நிறம் என்று கேட்க மறந்தால் மயில் நீலம் பூசிவிடுவோம்! சாபத்தைப் பற்றி: அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னார்வன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்தார், உண்மை. தகடு தகடாக எடுத்த பர்ட்டன் 1940 வரை இருந்தார். சாபத்துக்குக் குறி தவறிவிட்டது போலும்.

நிலவறை:

உங்கள் கண் கெடவில்லை ஐயா. அது பூந்தொட்டியேதான்.

சுவரின் அடியில், பழங்காலத் திருடர்கள் குடைந்து பிறகு கல்லறைக் காவலர்கள் அடைத்துப் பூசிய ஓட்டை ஒன்று இருந்தது. 1922 நவம்பர் இறுதியில் முன்னறையைத் திறந்த சில நாள்களுக்குள் கார்ட்டரும் கார்னார்வனும் அவர் மகள் எவலினும் அந்த ஓட்டையைத் திறந்து, அந்தப் பக்கம் இருந்த அடக்க அறைக்குள் ஊர்ந்து போய்வந்துவிட்டார்கள். பிறகு அதை அடைத்து, கூடை மூடியும் தரையில் கிடந்த கோரையும் கொண்டு மறைத்தார்கள். உலகத்துக்கு அந்தச் சுவர் உடைக்கப்பட்டது 1923 பிப்ரவரி 16-இல், அழைப்பாளர்கள் முன்னிலையில்.

இது வதந்தி அல்ல. குழுவில் இருந்த வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூகாஸ் டிசம்பர் 20 வாக்கில்தான் முதன்முதலில் கல்லறையைப் பார்க்கிறார். அப்போது ஓட்டையைக் கூடையும் கோரையும் மறைத்திருந்தன, வைத்தவர் கார்ட்டர் என்று எழுதினார். அது அச்சானது 1940களில், கார்ட்டர் போன பிறகு. கார்னார்வனின் மாற்றாந்தாய் வழித் தம்பி மெர்வின் ஹெர்பர்ட்டின் நாட்குறிப்பிலும் இந்த ரகசியம் இருக்கிறது. பர்ட்டன் வந்ததும் டிசம்பரில்தான். ஆக, ‘இருந்தது இருந்தபடி’ என்று நாம் நம்பும் முதல் படத்திலேயே அந்த மூலை மட்டும் ஜோடித்தது. கூடையும் கோரையும் அசல் பழசு, இடம்தான் புதுசு.

கடலோடி:

ஒரு சிறு குறை சொல்ல வந்தேன். பர்ட்டனின் படங்களில் விளக்கைப் பிடித்தவரும் பெட்டியைச் சுமந்தவரும் எகிப்தியர்கள். பட விளக்கத்தில் கார்ட்டர் பெயர் இருக்கும், அவருடைய உதவியாளர் ஆர்தர் கேலண்டர் பெயர் இருக்கும், இவர்கள் ‘வேலையாள்’. தலைமை மேஸ்திரி அகமது கெரிகர் முதலிய நால்வருக்குக் கார்ட்டர் தன் நூலில் பெயர் சொல்லி நன்றி சொன்னார். படத்தில் அந்த நால்வர் யார் யார் என்று எந்த விளக்கமும் சொல்வதில்லை.

இதற்கு நேர்மாறாக, பிரமிடுகள் இருக்கும் கீசாவில் தோண்டிய அமெரிக்க அகழாய்வாளர் ஜார்ஜ் ரைஸ்னரின் ஆவணத்தைப் பாருங்கள். அங்கே படம் எடுத்தவரே எகிப்தியர், முகமதானி இப்ராஹிம். 9,000-க்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்கள் அவருடையவை. பதிவேட்டில் பெயரும் இருக்கிறது. மேஸ்திரிகள் அரபியில் எழுதிய அகழாய்வு நாட்குறிப்புகளும் கிடைத்திருக்கின்றன. ரைஸ்னரின் ஆட்களில் பலர் குஃப்த் ஊர்க்காரர்கள். 1893-94-இல் ஆங்கிலேய அகழாய்வாளர் பெட்ரி அங்கே தோண்டியபோது தொழில் பழகிய ஊர். அதன் பழைய பெயர் காப்டோஸ். முசிறியில் ஏற்றிய சரக்கு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து நைல் நதியைத் தொட்ட இடம். முசிறி பாப்பிரஸ் என்ற பழைய சரக்குக் கடன் ஒப்பந்தத்திலேயே அந்த ஊர் வருகிறது.

தகட்டுக்காரர்:

நிலவறைக்கும் கடலோடிக்கும் நன்றி. முகமதானி இப்ராஹிமின் தகடுகளை இனிமேல்தான் பார்க்கப்போகிறேன். ஒன்பதாயிரம் என்றால் என் ஆயுள் தாங்குமா தெரியவில்லை.

நீங்கள் சொன்ன பிறகு, சுவரை உடைக்கும் படங்களை நேற்றிரவு எடுத்து வைத்துக்கொண்டேன். காவல் சிலைகள் இரண்டையும் பலகை அடித்து மூடியிருக்கிறார்கள். நடுவில் ஒரு மரமேடை. கார்ட்டரும் கார்னார்வனும் அதன் மேல் நிற்கிறார்கள். மேலிருந்து கல்லை எடுக்க மேடை வேண்டும் என்பார்கள், சரிதான். ஆனால் மேடை எங்கே முட்டுகிறது என்று பார்த்தீர்களா? கூடை இருந்த அதே இடத்தில். பார்வையாளர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, அடிச்சுவர் ஒருவர் கண்ணிலும் படாது.

அப்பா இருந்திருந்தால் அந்தத் தச்சனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்திருப்பார்.